சீனியம்மாளின் பல்லுக்குள் இருந்தது

1

இந்தக் கதை பிறந்த இடம் பல் டாக்டரின் நாற்காலி. என் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் வாயைத் திறந்துகொண்டு கிடப்பது எனக்குப் பெரிய தண்டனை. அதனால் என் இடத்தில் வேறொருத்தியை உட்காரவைத்தேன். மதுரை, 1937.

முதல் வரி: வைகையில் வெள்ளம் வடிந்த அன்று காலை சீனியம்மா—

வேண்டாம். பல்வலிக்காரிக்கு வைகை எதற்கு?

2

கொட்டாம்பட்டி சீனியம்மாளுக்குப் பல்லில் குழி. சில நாட்களாகக் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கைப்பிள்ளைக்குப் பால் வற்றிக்கொண்டு வருகிறது. (பிடுங்கிவிடலாமே என்பீர்கள். போன வருஷம் சந்தையில் ஒரு பல்லைப் பிடுங்கி, தாடை வீங்கிச் சாகக் கிடந்து பிழைத்தவள். இனிப் பிடுங்க விடமாட்டாள்.) புருஷன் சோலை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

டாக்டர் ஹரிராம் பட்டுநூல்காரர் வீட்டுப் பிள்ளை, கல்கத்தாவில் படித்தவர். காலால் மிதிக்கும் யந்திரத்தால் குடைந்து, வெள்ளியைக் குழைத்து அடைத்துவிடலாம் என்றார். அடைப்பு என்றதும் சீனியம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

"உள்ள புழு இருக்குய்யா. உசுரோட வச்சு மூடிப்புட்டா வேரு வரைக்கும் தின்னுப்புடும். மொதல்ல அத எடுத்துக் காட்டுங்க, பெறகு அடைங்க."

3

சிரிக்காதீர்கள். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் பல்லுக்குப் புகை பிடித்தபோது, தண்ணீர்ச் சட்டியில் வெள்ளை வெள்ளையாக விழுந்ததைக் கண்ணால் கண்டவள் அவள். அது வெடித்த விதையின் முளை என்பது எனக்குத் தெரியும், அதுவும் படித்ததுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? அவள் இடத்தில் நானும் வாயை மூடியிருப்பேன்.

4

ஒரு முடிவு: புழுவே கிடையாது என்று ஹரிராம் எடுத்துச் சொல்ல, அவள் எழுந்து போய்விடுகிறாள். எழுதிக் கிழித்தேன். ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டு உண்மையை ஜெயிக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: பஞ்சு நூலைத் திரித்துக் காட்டி, புழு என்று அவர்—

ஹரிராம் ஒப்பவில்லை. நான் படைத்த ஆள்தான், ஆனாலும் பிடிவாதக்காரர். உள்ளே இருப்பது எதுவானாலும் காட்டிவிட்டே அடைப்பதாக மட்டும் அவளுக்கு வாக்குக் கொடுத்தார். அவள் வாயைத் திறந்தாள்.

5

மரத்துப்போக ஊசி போட்டார், குடைந்தார். குழி ஆழம், பல்லின் நரம்பே கெட்டுப்போயிருந்தது. அதைக் கம்பி முனையில் சுருட்டி இழுத்தார். மெல்லிசாக, வெள்ளையாக, ஈரமாக வந்தது. நரம்புதான். ஆனால் புழு என்றால் நானே நம்பியிருப்பேன்.

சீனியம்மாள் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

"இதுதானய்யா அது? நீங்க சொல்லுங்க, நம்புறேன். அடைச்சுக்கிறேன்."

தலையை ஆட்டுமய்யா என்கிறேன். நம்புகிறேன் என்பவளிடம் எப்படி ஆட்டுவது என்கிறார் ஹரிராம். இல்லை என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. வாசலில் பிள்ளை அழுகிறது. எங்கள் இருவராலும் ஆகவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அவள் உங்களைப் பார்க்கிறாள்.