நாலு காலி ஓட்டம்

சலவைக் கடையில் துணி நனைவதற்கு முன்னால் பாக்கெட்டைத் தேடியாக வேண்டும். ஒரு பேனா தப்பினால் போதும், மெஷின் துணி முழுக்க நீலமாகிவிடும். இருபது வருஷம் அந்த வேலையைச் செய்தவள் ஒருத்தியைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஊரார் பாக்கெட்டில் அவள் பார்க்காதது இல்லை. கடிதம், பல்செட், அடுத்தவளுடைய கம்மல். எது அகப்பட்டாலும் ஒரு காகித உறையில் போட்டு, அந்தத் துணியோடு ஊசி குத்தி அனுப்பிவிடுவாள். வாயைத் திறக்க மாட்டாள். கடையின் சட்டம் அது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமை ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வீட்டுக் குளியலறையில் கவிழ்ந்தது. வீட்டுக்காரரின் வேலை பேண்ட்டை வாளியில் போடும் முன் பழக்கதோஷத்தில் விரலை விட்டாள். ஒரு மாத்திரை அட்டை வந்தது. நாலு குழி. இரண்டு காலி. மிச்சம் இரண்டும் நீலம்.

பெயர் படிக்கவே தேவையில்லை. ஊரார் பாக்கெட்டில் பார்த்துப் பார்த்து, அது ஆண்கள் கட்டிலுக்குப் போகும் முன் போடுகிற மாத்திரை என்று அவளுக்குத் தெரியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தாறு வயது. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர். போன வருஷம் படியேறும்போது நெஞ்சு இறுக்கியது. அப்படி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் குட்டி மாத்திரை ஒரு புட்டி கொடுத்தார். அவர் எதையும் தொலைத்துவிடுவார் என்பதால் இவள் இரண்டு புட்டியாக வாங்கி, ஒன்றை அவருடைய கருவிப் பையிலும் ஒன்றைத் தன் கைப்பையிலும் வைத்தாள்.

ஒரு வருஷமாக அவர் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறார். வயசாகிறது, களைப்பு என்று இவளும் கேட்காமல் விட்டுவிட்டாள். இப்போது வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்றையே நினைத்தாள்: இரண்டு மாத்திரை போயிருக்கிறது. வீட்டுக்கு வரவில்லை. அப்படியானால் எங்கே போனது?

முகம் உடனே கிடைத்துவிட்டது. சந்தேகத்துக்கு முகம் தேட அதிக நேரம் ஆகாது, கண்ணுகளா. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் மூன்றாம் மாடியில் வயலின் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். இந்த மாதத்தில் மட்டும் வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்துக்கு மூன்று முறை போயிருக்கிறார். ஒரு லிஃப்ட் அப்படியா நோய்வாய்ப்படும்?

டீச்சரின் துணிகள் இவள் கடைக்குத்தான் வரும். அன்று அந்த மெல்லிய சாம்பல் நிறக் கோட்டின் பாக்கெட்டைப் பத்து விரலாலும் தேடினாள். ஒரு பஸ் டிக்கெட், ஒரு புதினா மிட்டாய். மிட்டாயைக் கூட முகர்ந்து பார்த்தாள். இடுப்பளவைப் பார்த்தாள். தன் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டை மட்டும் இஸ்திரி போடாமல் கடைசி வரிசைக்குத் தள்ளினாள்.

மதியம் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்துக் கடைக்குப் போனாள்.

"கடைக்கு வந்த பேண்ட்ல இருந்துச்சு. கொலஸ்ட்ரால் இருக்கறவங்க இதைச் சாப்பிடலாமாண்ணே?"

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பேண்டுக்கு கொலஸ்ட்ரால் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மாவே சொல்றேன். கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் இதுக்கும் பெரிசா சண்டை கிடையாது. ஆனா அந்த ஆளோட இதயம் எப்படி இருக்குன்னு டாக்டர் பாத்துட்டுதான் தரணும். கடன் வாங்கித் திங்கிற பண்டம் இல்ல இது. இன்னொண்ணு, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வெக்கிறது இருக்கு பாரு, அதோட இது சேரவே கூடாதும்மா. பிரஷர் கிடுகிடுன்னு இறங்கிடும். ஆள் எழுந்திருக்க மாட்டான். இதைப் போட்டு ஒரு நாள் முழுக்க, சில வகைக்கு ரெண்டு நாள் வரைக்கும் அந்தக் குட்டி மாத்திரையைத் தொடக்கூடாது. அந்த பேண்ட்காரர்கிட்ட சொல்லிடு."

அவள் தலையாட்டினாள். காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. சொன்னால் மாட்டிக்கொண்டோம் என்று உஷாராகிவிடுவார். முதலில் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், மாத்திரை பேச்சு அப்புறம். நடந்துகொண்டே இன்னொன்றும் நினைத்தாள்: அங்கே நெஞ்சு வலித்தால் அந்த டீச்சரே பார்த்துக்கொள்ளட்டும். நினைத்த மறு நிமிஷமே கைப்பைக்குள் விரலை விட்டு அந்தப் புட்டி இருக்கிறதா என்று தடவிக்கொண்டாள்.

அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்து, பேண்ட்டைத் துவைக்காமல் மாட்டினாள். வியாழக்கிழமை பார்த்தாள். மூன்று குழி காலி. அன்று ராத்திரி சாப்பாட்டில், "இன்னிக்கு எந்தக் கட்டடம்?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு எதிரே."

"அந்த லிஃப்டுக்கு உங்களைப் பாக்காம இருக்க முடியலை போல."

அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் கிளம்பினார். அடுத்த பஸ்ஸில் இவள் கிளம்பினாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் முன்னால் 'வேலை நடக்கிறது' பலகை தொங்கியது. படியேறினாள். மூன்றாம் மாடியில் கதவுக்கு அந்தப் பக்கம் வயலின் கேட்டது. யாரோ குழந்தை ஒரே வரியைத் தப்பாக வாசிக்க, டீச்சர் பொறுமையாக, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றாள். இவள் கதவில் காதை வைத்து ஐந்து தடவை கேட்டாள். ஆண் குரல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் குப்பைக் கூடையோடு வெளியே வந்து, "பாட்டு கத்துக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்ல. லிஃப்ட்காரரைத் தேடி."

"அவர் மொட்டை மாடியில மோட்டார் ரூம்ல இருப்பார். வர்றப்பல்லாம் தனியா அங்கதான் உக்காந்திருக்கார்."

மோட்டார் அறைக் கதவு திறந்தே இருந்தது. மோட்டார் ஓடவில்லை. அவர் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை நெஞ்சில். சட்டைக் காலர் நனைந்திருந்தது. இவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

"வந்துட்டியா. இறுக்குது. என் பை கீழ வண்டியில இருக்கு. உன் புட்டியை எடு."

இவள் எடுத்தாள், திறந்தாள். ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. அவர் வாயைத் திறந்தார்.

மருந்துக் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் உள்ளே இறங்கியது.

"இன்னிக்கு நீல மாத்திரை போட்டீங்களா?"

"எந்த நீல மாத்திரை?"

"போட்டீங்களா?"

"நீ என்னென்னமோ பேசற. குடு சீக்கிரம்."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் இந்த மனுஷன் சொன்னதை நம்பியிருக்கிறாள். இந்த நிமிஷம் நம்பினால் தன் கையாலேயே அவரைக் கொன்றுவிடுவாள். ஐந்து நாளாகச் சுமந்துகொண்டிருந்த சந்தேகத்தைத்தான் அவள் அப்போது நம்பினாள்.

"இங்க பாருங்க. யாருக்காகன்னு கேக்கல. எவளா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். எப்போன்னு மட்டும் சொல்லுங்க. போட்டுட்டு இதை வெச்சா செத்துப்போவீங்க."

அவர் அவளையே பார்த்தார். "ஒரு மணி நேரம் ஆச்சு" என்றார்.

அவள் மாத்திரையைப் புட்டிக்குள் போட்டு மூடி, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். எதிர்ச் சாரிதான், நாலே நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். ஏறி வந்தவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொன்னாள்: "நீல மாத்திரை போட்டிருக்கார். ஒரு மணி நேரம் ஆச்சு. நாக்குக்கு அடியில எதுவும் வைக்கல." இருபது வருஷமாகப் பூட்டி வைத்த வாய் அது. மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து பார்த்த டீச்சர் முன்னாலும் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் வலி தணிந்தது. டாக்டர் இரண்டு பேரையும் வைத்துப் பேசினார். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று பாதிக்கு மேல் சுருங்கியிருக்கலாம், நாளைக்குப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "கொலஸ்ட்ரால் இதயக் குழாயில மட்டும் படியாதுங்க. கீழ போற குழாய் இன்னும் சின்னது, பல பேருக்கு முதல்ல அங்கதான் தெரியும். ஒரு வருஷமா விறைப்பு சரியில்லைன்னா, அன்னிக்கே என்கிட்ட வந்திருக்கணும். வெக்கப்படற விஷயம் இல்ல, எச்சரிக்கை மணி. முதல்ல இதயத்தைச் சரி பண்ணுவோம். அப்புறம் அந்த மாதிரி மாத்திரை உங்களுக்கு ஆகுமா, எவ்வளவுன்னு நான் பாத்துச் சொல்றேன். இது யார் குடுத்தது?"

"கூட வேலை செய்யற ஆளு. ஸ்பேனர்னு கூப்பிடுவோம்."

"ஸ்பேனர் எந்தக் காலேஜ்ல படிச்சார்?" என்று கேட்டுவிட்டு டாக்டர் போனார்.

பிறகு நர்ஸ் குறிப்பெழுதும் பலகையோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். எத்தனை போட்டீங்க, எப்பெப்போ, என்ன ஆச்சு என்று கேட்டாள். அவர் மடமடவென்று சொன்னார்.

"ரிப்பேர் பண்ணின லிஃப்டை நாலு தடவை காலியா ஓட்டணும்மா. அப்புறம்தான் ஆளை ஏத்தணும். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி, நெஞ்சும் சரியில்ல. இவளோட இருக்கறப்ப எனக்கு ஏதாவது ஆயிட்டா, பாவம், என்ன பண்ணுவா. அதான் ஆஸ்பத்திரிக்கு எதிரே உக்காந்து நாலு தடவை தனியா போட்டுப் பாத்தேன். முதல் மூணு தடவை ஒண்ணும் ஆகல. மாத்திரை போலியோன்னு நினைச்சேன்."

நர்ஸ் சிரிப்பை அடக்கினாள். "ஆசை இல்லாம அது தானா வேலை செய்யாது ஐயா. மோட்டார் ரூம்ல யார் மேல ஆசை வரும்?"

அவரும் சிரித்தார். இவளுக்குப் பற்றி எரிந்தது. டீச்சர் இல்லை என்று தெரிந்தது ஆறுதல்தான். ஆனால் ஒரு வருஷமாகத் தன்னிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாரே.

நர்ஸ் நகர்ந்ததும், "அவகிட்ட மட்டும் நல்லா வாய் வருது" என்றாள்.

"அவ கேட்டா, சொன்னேன். நீ கேக்கவே இல்லையே."

"மாத்திரை போட்டீங்களான்னு கேட்டேன், பொய் சொன்னீங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இருக்கே."

அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

"சரி, இப்ப கேக்கறேன். போன வருஷம் முதல் தடவை முடியாமப் போனப்ப என்ன நினைச்சீங்க?"

அவர் திரைச்சீலையைப் பார்த்தார். "உனக்கு என்னைப் பிடிக்காமப் போயிடும்னு..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து பிரஷர் பார்க்க நர்ஸ் திரையை விலக்கினாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு வாம்மா" என்றாள் இவள், அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கிட்ட சொல்லிட்டு இருக்கார்."