தாங்கும் என்று எழுதிக் கொடுத்தவள்

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். "இந்தக் கேலரி இரண்டாயிரம் பேரைத் தாங்கும்." கீழே, கலைமணி, பெரம்பலூர். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. கொட்டை எழுத்தில், ஜம்பமாகத்தான் எழுதினேன்.

பத்தொன்பது வருடமாகக் கேலரி கட்டுகிறேன். கபடிப் போட்டி, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டுவிழா என்று எது வந்தாலும் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கக் கட்டுவேன். இரும்புப் பைப்புகளைக் காலாக நிறுத்தி, கிளாம்பு போட்டு முறுக்கி, மேலே படிப்படியாகப் பலகை அடுக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில். பொம்பளை கட்டினதில் ஏறலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. "ஏறிப் பாருங்க, விழுந்தா நானே தூக்கி விடறேன்" என்பேன். அந்த வாய்க்கொழுப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

போன வருடம் சென்னையில் புதிதாகத் தொழில்முறைக் கால்பந்து லீக் ஒன்று தொடங்கப் போவதாகச் செய்தி வந்தது. எட்டு ஊர்களுக்கு எட்டு அணி. ஏழு முடிவாகிவிட்டது, எட்டாவதுக்கு ஊர் தேடினார்கள். பெரம்பலூர் தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். அரியலூர் கேட்டாலும் அதே கதைதான். அதனால் இரண்டும் சேர்ந்து கேட்டன. சேர்ந்ததே பெரிய அதிசயம். அணியின் பெயரில் எந்த ஊர் முன்னால் வருவது என்று மூன்று கூட்டம் போட்டார்கள். "எங்க ஊர்ல ரயில் நிக்குது" என்றார்கள் அரியலூர்க்காரர்கள். "எங்க ஊர்ல ஹைவே ஓடுது" என்றார்கள் எங்கள் ஆட்கள். கடைசியில் பெயரில் பெரம்பலூர் முன்னால், மைதானம் அரியலூரில் என்று முடித்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சோதனைப் போட்டி, இரண்டு ஊர்ப் பையன்களும் சேர்ந்த அணி வெளியூர் அணி ஒன்றோடு ஆடும். லீக்கின் சார்பில் பிரேம்குமார் என்ற ஆள் வந்து பார்ப்பார். எவ்வளவு கூட்டம் வருகிறது, முழு ஆட்டமும் உட்காருகிறதா, எல்லாவற்றையும் குறிப்பார். அவர் படிவத்தின் முதல் கேள்வியை இரண்டு ஊருக்கும் பொதுவான கமிட்டியின் செயலாளர், அரியலூர்க்காரர் சிங்காரவேலு எல்லோருக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். 'இந்த ஊர் ஒரு அணியைத் தாங்குமா?'

எனக்குக் கால்பந்தில் பந்து உருண்டை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. என் மகள் அபிநயாவுக்காகத்தான் இந்த வேலையை ஒத்துக்கொண்டேன். பிளஸ் டூ படிக்கிறாள், பள்ளி அணியில் தடுப்பாட்டம் ஆடுகிறாள். "ஆம்பளைங்களுக்கு டீம் வந்தா ரெண்டு வருஷத்துல பொண்ணுங்களுக்கும் வரணும்னு ரூல் இருக்கும்மா" என்று ஒரு மாதமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தாள்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண். வெயிலில் வெடிக்கும், மழையில் காலை உள்ளே இழுக்கும். அங்கே ஒவ்வொரு பைப்புக்கு அடியிலும் தடிமனான அடிப்பலகை போடாமல் நான் கட்டியதே கிடையாது. அரியலூரில் கட்டும்போது வடக்கு மூலையில், மேல் படியைத் தாங்குகிற கடைசி ஆறு காலுக்குப் பலகை தீர்ந்துபோனது. என்னோடு தொடக்கத்திலிருந்து வேலை செய்கிற குழந்தைவேல் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"குரும்பலூர் குடோனுக்குப் போயி ஆறு பலகை எடுத்தாந்துருவமா?"

"அட போங்கண்ணே. இது சுண்ணாம்புக்கல் பூமி. ஊருக்கெல்லாம் சிமெண்ட் இங்கேருந்துதான் போவுது. கடப்பாரையே எறங்காது, பைப்பு எங்க எறங்கப் போவுது?"

கடப்பாரை இறங்குமா என்று ஒரு குத்துக் குத்திப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு மூன்றரைக்கே கேலரி நிறைந்துவிட்டது. தெற்குப் பாதியில் பெரம்பலூர், வடக்குப் பாதியில் அரியலூர். பன்னிரண்டு படி, இருநூற்று நாற்பது அடி நீளம். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளி அணிப் பெண்களுக்குத் தெற்கில் இடம் கிடைக்காமல் வடக்கு மூலையில், ஆக மேல் படியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அபிநயா அங்கிருந்து எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆனதும், மைக் பிடித்திருந்த ஜெயசீலனுக்குக் கிறுக்குப் பிடித்தது. அரியலூர்ப் பையன், நல்ல குரல். "பெரம்பலூரா, அரியலூரா? யாரு சத்தம் பெருசுன்னு சென்னைக்காரரு கேக்கட்டும்!" என்று ஏற்றிவிட்டான். அவ்வளவுதான். ஒரு பாதி குதித்தது, அடங்கியது. மறு பாதி அதைவிடக் குதித்தது. பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன. பிரேம்குமார் சிரித்துக்கொண்டே எதையோ குறித்தார். எனக்குக்கூடப் பெருமையாகத்தான் இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு.

இடைவேளை விசில் அடித்ததும் குழந்தைவேல் அண்ணன் என்னிடம் வந்தார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் அளவு காட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது.

கேலரிக்கு அடியில் குனிந்து போனேன். வடக்கு மூலையில் மூன்று பைப்புகள் ஒரு சாண் ஆழம் மண்ணுக்குள் போயிருந்தன. நாலாவது போய்க்கொண்டிருந்தது. கிளாம்புகள் கோணிக்கொண்டு நின்றன. கையால் தோண்டினேன், பொலபொலவென்று வந்தது. உடைந்த செங்கல், சாக்குத் துணி, செருப்பு வார். கல்லும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தலைக்கு மேல் அத்தனை பேரின் கால்கள். இடுக்கு வழியாக முறுக்குத் தூள் என் கழுத்தில் கொட்டியது.

பின்னாலேயே வந்த சிங்காரவேலு சொன்னார்: "இந்த மூலையில பழைய கல்லுக்குழி ஒண்ணு இருந்திச்சு. மூடி இருவது வருஷம் ஆவுது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா."

கேட்டிருந்தால். நான்தான் எல்லாம் தெரிந்தவளாயிற்றே, யாரைக் கேட்பேன்?

"இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷந்தான். தாங்காதா?" என்றார் கெஞ்சலாக. அந்த நேரம் மேலே யாரோ நாலு பேர் சேர்ந்து குதித்தார்கள். நாலாவது பைப்பு எங்கள் கண்ணெதிரிலேயே இரண்டு விரல்கடை இறங்கியது.

குழந்தைவேல் அண்ணன் வேன் ஜாக்கியைக் கொண்டுவந்து ஒரு கல்லின் மேல் வைத்து முட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். "நீ போயி ஆளுங்கள எறக்கு. நான் இத பாத்துக்கறேன்."

எப்படி இறக்குவது? 'விழப்போகுது, இறங்குங்க' என்று மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயிரத்தெண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். எழுந்த நொடியில் மூலை போய்விடும். மூலை பிடித்திழுத்தால் மிச்சமும் போகும். மேல் படிதான் ஆபத்து, ஆனால் அவர்களை முதலில் இறக்க முடியாது. கீழே பதினோரு படி ஆட்களை மிதித்துக்கொண்டா வருவார்கள்? கீழ்ப்படி முதலில், மேல்படி கடைசி. அது ஒன்றுதான் வழி.

கடைசிப் படியில் அபிநயா.

மைக் இருந்த இடத்துக்கு ஓடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். ஓடினால் நாலு பேர் பார்ப்பார்கள். ஜெயசீலன் காதில் விஷயத்தைச் சொன்னேன். மைக்கை வாயருகே கொண்டுபோனான், காற்றுதான் வந்தது. இவ்வளவு நேரம் கிழித்த தொண்டை! மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.

என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போகவில்லை. எதிரே பிரேம்குமார் பேனாவோடு நின்றார். அவரைப் பார்த்ததும் வாயில் வந்தது.

"எல்லாரும் அப்படியே உக்காருங்க. லீக்லேருந்து வந்த சாரு இப்ப தலை எண்ணப் போறாரு. இந்த எண்ணிக்கைய வச்சுத்தான் நமக்கு டீமு. குதிக்கிற தலைய எண்ண முடியாது. ஆடினா கணக்குல வராது, சொல்லிட்டேன்!"

கேலரி முழுக்க அடங்கியது. ஒரு அணிக்காக அவ்வளவு சத்தம் போட்டவர்கள், அதே அணிக்காக மூச்சை அடக்கி உட்கார்ந்தார்கள்.

"நான் சொல்ற படி மட்டும் எறங்கணும். எறங்கி, எதிர்ப்பக்கக் கோட்டுக்கிட்ட வரிசையா உக்காரணும். மொதப் படி, எந்திரிங்க. மெதுவா."

பிரேம்குமார் என்னைக் குழப்பமாகப் பார்த்தார். "சார், எண்ணுங்க" என்றேன் மைக்கை மூடிக்கொண்டு. என் குரலில் என்ன இருந்ததோ, எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாம் படி. மூன்றாம் படி. ஐந்தாம் படியில் ஒரு மீசைக்காரர் எழுந்து, "அரியலூருக்குத் தனியா எண்ணணும், பெரம்பலூருக்குத் தனியா எண்ணணும்" என்று சட்டம் பேசினார். "அண்ணே, ஒங்க ஊருக்கு ரெண்டு தலை கூடவே போட்டுக்கச் சொல்றேன், எறங்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் பலகை ஆடியதும் எனக்கு உயிரே போய்விட்டது.

ஏழு. எட்டு. ஒன்பதாம் படி இறங்கும்போது அடியிலிருந்து டணார் என்று ஒரு சத்தம். கிளாம்பு தெறித்த சத்தம், எனக்குத் தெரியாதா? கூட்டம் திரும்பியது. "ஒண்ணுமில்ல, அடியில ஜாக்கி விழுந்திருச்சு. பத்தாம் படி, எந்திரிங்க" என்றேன். கேலரிக்கு அடியிலிருந்து குழந்தைவேல் அண்ணனின் கை மட்டும் வெளியே வந்து, சீக்கிரம் என்பது போல ஆடியது.

வடக்கு மூலைப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் பெயர் சொல்லிக் கத்திவிடுவேன். ஒரு தாய் கத்தினால் ஊரே ஓடும். தெற்கு மூலையில் யாரோ ஒரு சிவப்புச் சட்டைக்காரரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பதினோராம் படி."

அப்புறம், "பன்னெண்டாம் படி. தெற்கேருந்து ஒவ்வொருத்தரா."

வடக்கு மூலை கடைசியிலும் கடைசி. சிவப்புச் சட்டைக்காரர் இறங்கிப் போய்விட்டார். எனக்குப் பார்க்க எதுவும் இல்லை. தரையைப் பார்த்தேன். பலகையில் செருப்புச் சத்தம், பெண்பிள்ளைகளின் சத்தம், பிறகு புல்லில் காலடி. அதன்பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். காலி.

"அண்ணே, வெளிய வாங்க!" மைக்கிலேயே கத்தினேன்.

குழந்தைவேல் அண்ணன் நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். அவர் பத்தடி தள்ளிப் போயிருப்பார், வடக்கு மூலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பைப்புகள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு, கேலரியின் பாதி சரிந்து விழுந்தது. புழுதி அடங்க வெகு நேரம் ஆனது. இரண்டாம் பாதிக்கு வந்த ஆட்டக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஒரு அம்மா தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அதற்கப்புறம் என் மேல் விழுந்த வசவுகளை நான் சொல்லப்போவதில்லை. எல்லாம் நியாயமான வசவுகள்தான்.

பிரேம்குமார் அருகில் வந்தார். "ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தொண்ணு" என்றார். "எண்ணச் சொன்னது இதுக்குத்தானா?"

"ஆமாங்க சார்."

அவர் படிவத்தைப் புரட்டி முதல் கேள்விக்கு வந்தார். பேனா அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார்.

"ஊரு தாங்கும் சார். நான் கட்டினதுதான் தாங்கல. அப்படியே எழுதிக்கங்க" என்றேன்.

அவர் என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போகவில்லை. கோட்டோரம் ஈரத் தரையில் உட்கார்ந்து மீதி ஆட்டத்தையும் பார்த்தார்கள். நானும் குழந்தைவேல் அண்ணனும் வளைந்த பைப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது வேனில் அபிநயா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஏன் முதலில் கூப்பிடவில்லை என்று கேட்பாள், அதற்குப் பதில் வேண்டுமே என்று நான் தேடிக்கொண்டே வந்தேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு வரும்போது அவளே சொன்னாள்.

"நீ எல்லாப் பக்கமும் பாத்த. எங்க மூலைய மட்டும் பாக்கல. அப்பவே தெரிஞ்சிருச்சும்மா."

"என்னடி தெரிஞ்சிச்சு?"

"ஆபத்து எங்களுக்கு அடியிலதான்னு. அடியில சத்தம் கேட்டதும் பக்கத்துல வினோதினி எந்திரிச்சுக் கீழ குதிக்கப் போனா. தொடையப் புடிச்சு அமுக்கி உக்கார வச்சேன். நீ கூப்புடுற வரைக்கும் புடிச்சிட்டே இருந்தேன்."

அவள் கையை எடுத்துப் பார்த்தேன். விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. வேனை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன்.