ஹார்கிரேவ் சொன்ன "முடியாது"

பல்தசார் உருத்தியா ஜெனீவாவுக்கு வந்தபோது பெருமிதத்தில் மிதந்துகொண்டிருந்தார். தென் அமெரிக்காவில் அவர் பிரதிநிதியாக இருந்த சின்ன நாட்டை, முதல் உலகப் போருக்குப் பிறகு நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேச சங்கத்தின் பொதுச்சபை, சங்கத்தின் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. பெரிய நாடுகளுக்கு அங்கே நிரந்தர இடம். மற்றவர்களுக்குச் சில காலம்தான்.

மலை எல்லை ஒன்றில் இரண்டு அண்டை நாடுகள் துப்பாக்கியோடு முறைத்துக்கொண்டு நின்றன. இரண்டு பக்கமும் சாராதவர் என்று கவுன்சில் விசாரணைப் பொறுப்பை உருத்தியாவிடம் கொடுத்தது. இரு படைகளும் பின்வாங்கட்டும், சங்கத்தின் குழு போய்ப் பார்க்கட்டும் என்று அவர் எழுதினார். வழக்காடும் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் சம்மதித்தால்தான் அது தீர்மானம். வரிசையாகத் தலைகள் அசைந்தன. பெரிய நாடொன்றின் பிரதிநிதி ஹார்கிரேவ் மட்டும் "முடியாது" என்றார். அவர் காரணம் சொல்வதற்குள் உருத்தியா காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கூட்டம் கலைந்தது.

நடைக்கூடத்தில் உருத்தியா கொதித்தார். "பொதுச்சபையில அந்த ஆளோட மானத்த வாங்குறேன் பாருங்க! அங்க எல்லா நாட்டுக்கும் ஒரே ஓட்டுதான்."

செயலகத்து மொழிபெயர்ப்பாளர் எத்மே சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வாங்குங்க ஐயா. நல்லா கை தட்டுவாங்க. மலையில எவனும் துப்பாக்கியக் கீழ போட மாட்டான்."

"நீங்க யார் பக்கம்?"

"எந்த நாட்டுப் பக்கமும் இல்லேன்னு சொல்லித்தானே இங்க வேலைக்கே சேர்ந்தோம்!"

உருத்தியாவுக்குச் சுருக்கென்றது. அன்று மாலை முழுக்க ஏரிக்கரையில் நடந்தார். மறுநாள் காலை ஹார்கிரேவின் ஓட்டலுக்கே போனார். ஹார்கிரேவ் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க முடியாதுன்னீங்க?"

"குழுவுல ராணுவ அதிகாரிங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்காளு ஒருத்தன் அங்க சுடப்பட்டா, ஊர்ல என்னை உண்டு இல்லேன்னு ஆக்கிருவாங்க. காப்பாத்த சங்கத்துக்குன்னு சொந்தப் படையா இருக்கு?"

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

உருத்தியாவின் முகம் சிவந்தது, பிறகு சிரித்தேவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரிகளுக்குப் பதில் வெளிநாட்டு நீதிபதிகள், மருத்துவர்கள். அவர்களின் பாதுகாப்புக்கு இரு நாடுகளும் பொறுப்பு. காபி ஆறுவதற்குள் புதுத் தீர்மானத்தை இருவரும் எழுதி முடித்தார்கள்.

பிற்பகல் கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. அந்த வாரமே இரு படைகளும் மலையை விட்டு இறங்கியதாகத் தந்தி வந்தது.

குழுவை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு எல்லோரும் போனார்கள். இரண்டு அண்டை நாட்டுப் பிரதிநிதிகளும் தள்ளித் தள்ளி நின்றார்கள். ரயில் நகர்ந்ததும் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"உங்க பக்கம் பனி ஆரம்பிச்சாச்சா?"

"ஆச்சு," என்றார் மற்றவர். "உங்க பக்கம்?"