ஐப்பசியில் திரும்பிய கடல்

ஆரணியில் கடல் இல்லை. இருக்கிற ஆறும் மழைக்காலத்தில் மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஆண்டவன் தன் புருஷனைப் படைத்தான் என்பாள் அபிதகுசாம்பாள். பட்டுக்கடை தனசேகரனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. தெரியாத விஷயமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடவே தெரியும்.

அவர்கள் மகள் கீதா சென்னையில் கடல் ஆராய்ச்சி செய்கிறாள். மாதாமாதம் படகில் போய்த் தண்ணீர் எடுத்து வந்து, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் உயிர்களும் எந்தப் பருவத்தில் பெருகுகின்றன, எந்த நீரோட்டத்தோடு போகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. "பாசி பாக்கறதுக்கு போளூர் ஏரி பத்தாதா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டவர் தனசேகரன். சொந்தக்காரர்களிடம், மகள் கப்பல் துறையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்.

புரட்டாசியில் ஒருநாள் பொழுது சாய்ந்ததும் சென்னைக் கடலில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடியது. டிவிக்காரர்கள் கீதாவிடம் விளக்கம் கேட்டார்கள். தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர்தான் இப்படி மின்னுகிறது, அலை அதை அசைத்தால் ஒளிவிடும் என்றாள். ஒருவர் தும்மி முடிப்பதற்குள் பேட்டி முடிந்துவிட்டது. ஆனால் அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் தனசேகரன் வங்காள விரிகுடாவுக்கு உரிமையாளராகக் கடையைத் திறந்தார்.

விலை போகாமல் கிடந்த நீலப் புடவைகளுக்கெல்லாம் 'கடலொளிப் பட்டு' என்று பெயர் வந்தது. விளம்பரப் படத்தை அந்தக் கடற்கரையிலேயே எடுப்பது என்று முடிவு செய்து, கார்த்திகையில் நாளும் குறித்து, மகளுக்குப் போன் போட்டார்.

"இப்ப வந்தா ஒண்ணும் இருக்காதுப்பா" என்றாள் கீதா. "ஐப்பசியிலயே நீரோட்டம் திரும்பிடுச்சு. கரையோரமா வடக்க பாத்து போய்கினு இருந்த தண்ணி இப்ப தெக்க பாத்து போவுது. ஆத்து வெள்ளமெல்லாம் அதுல கலந்து வருது. கலங்கல்ல வெயில் உள்ள எறங்காது, பாசி வளராது."

"பாசி வளரலன்னா போவுது. நீலம் இருக்கும் இல்ல?"

"பாசிய தின்னு வளர்ற அந்த உசுருங்கதாம்ப்பா நீலமே."

"நான் நல்ல நாள் பாத்துட்டேம்மா."

நல்ல நாளில் வேன் கிளம்பியது. மனைவி, புடவை கட்டிக்கொள்ளத் தங்கை மகள் துர்கா, படம் எடுக்க டிசைனர் ஜெயக்குமார் என்று போய் இறங்கினால், கடல் பால் குறைந்த டீயைப் போல இருந்தது. தூறல் வேறு. அபிதகுசாம்பாள் வேனை விட்டு இறங்காமலே, "நல்ல நாள்னு கடலுக்கு யாரும் சொல்லல போல" என்றாள்.

அன்று கீதா தண்ணீர் எடுக்கப் போகும் நாள். மீனவன் பழனியின் படகு தயாராக நின்றது. தனசேகரன் வேட்டியை மடித்துக் கட்டினார். "கரையோரம்தான் அழுக்கு. உள்ள போனா நீலமா இருக்குதா இல்லையான்னு நான் பாக்கறேன்."

உள்ளே போனபோது அவர் கடலைப் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு காலை இட்லியைக் கடலுக்கு அர்ப்பணித்துக்கொண்டிருந்தார். "மீனுக்கு நல்ல தீனிங்க" என்று பழனி ஆறுதல் சொன்னான். ஆடுகிற படகில் கால் பிசகாமல் நின்று, குப்பியை இறக்கி, கயிற்றைப் பிடித்து, பழனியை அதட்டிக்கொண்டிருந்த பெண்ணை அவர் ஈர வலைக் குவியலில் படுத்தபடி பார்த்தார். வீட்டில் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவள் இவள்தானா என்று இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ பெருமிதம் மாதிரி கிளம்பியது. அடுத்த அலையில் அதுவும் வெளியே வந்துவிட்டது.

ஆனால் வியாபாரி தோற்று ஊர் திரும்பலாமா? ஜெயக்குமார் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, டீக் கடலைத் துடைத்துவிட்டு நீலக் கடல் ஒன்றை ஊற்றினான். துர்காவின் பின்னால் அலைகள் டியூப்லைட் போல எரிந்தன. புடவையை விட்டுவிட்டுக் கடலை மட்டும் வெட்டியெடுத்து யாரோ வாட்ஸப்பில் விட, 'மீண்டும் ஒளிரும் சென்னைக் கடல்' என்று அது ஊர் ஊராகச் சுற்றியது.

டிவிக்காரர்கள் மறுபடியும் கீதாவிடம் போனார்கள்.

கடையில் கல்யாணக் கூட்டம். மகள் முகம் தெரிந்ததும் தனசேகரன் சத்தத்தைக் கூட்டி வைத்து, "எம் பொண்ணு" என்றார்.

"இது பொய்யான வீடியோ" என்றாள் கீதா. "இப்ப கடல் கலங்கி இருக்கு. நானே போய்ப் பார்த்தேன். யாரோ வியாபாரத்துக்காகச் செஞ்சிருக்காங்க."

சத்தத்தைக் குறைக்க ரிமோட்டைத் தேடினார். ஜவுளிக்கடையில் தேடும் பொருள் எதுவும் உடனே கிடைக்காது. கல்யாணப் பெண்ணின் அம்மா, கையிலிருந்த கடலொளிப் பட்டை மெல்ல மடித்து வைத்துவிட்டு அரக்கு நிறத்தில் காட்டச் சொன்னாள். வாசலில் அபிதகுசாம்பாள் மட்டும், "ரெண்டாவது தபா டிவில வந்துகினு கீறா, கேசரி கிளறட்டுமா?" என்று கேட்டாள்.

தை மாதம் நடுவில், மகளை நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லித் தனசேகரன் சென்னைக்குப் பஸ் ஏறினார். கேட்க வேண்டிய பேச்சை வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும், "எம்மாம் பேஜாரா போச்சு தெரியுமா? அப்பன்னுகூட பாக்கல இல்ல நீ" என்றார்.

"பாத்தேன். அதனாலதான் பேர் சொல்லல" என்றாள் கீதா. பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "மழ ஓஞ்சு, கலங்கல் அடங்கிடுச்சு. வெள்ளம் கொண்டாந்த சத்தெல்லாம் தண்ணியில இருக்குது, வெயிலும் உள்ள எறங்குது. இப்ப பாரு."

ஒரு சொட்டுத் தண்ணீர். தனசேகரன் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கண்ணாடிப் பெட்டிகள், சக்கரங்கள், சங்கிலிகள், ஓடம்போல் நகரும் ஊசிகள். ஒவ்வொரு பாசியின் மேலும் ஒழுங்கான நுணுக்க வேலைப்பாடு. வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை. ஒத்திகை பார்த்த மிச்சப் பேச்சு வந்தவாசிக்கு இந்தப் பக்கமே எங்கோ இறங்கிப் போயிருந்தது.

"நீலமா ஒண்ணும் இல்லியே" என்றார் கடைசியில்.

"இல்ல."

"எந்தத் தறியிலயும் இத எடுக்க முடியாது" என்றார், கண்ணை எடுக்காமலே. "இன்னொரு சொட்டு வெய்யி."