கலியமூர்த்தி வீட்டுக் குழாய்

1987 சித்திரையில் ஆவடி குவார்ட்டர்ஸில் கலியமூர்த்தி வீட்டுக் குழாயில் பிராந்தி வந்தது. மற்ற வீடுகளில் அதுவும் வரவில்லை. தெருவே குழாயைத் திறந்து வெறும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்த சமயம் என்பதால், அவர் மனைவி லோகநாயகி சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அண்டா, குடம், இட்லிப் பானை எல்லாவற்றிலும் பிடித்துவிட்டாள். வாசனை அப்புறம்தான் எட்டியது. குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்த கலியமூர்த்தி, கதவைப் பிடித்துக்கொண்டு அண்டாவையே பார்த்தார். அவள் அத்தனையையும் சாக்கடையில் கொட்டினாள். அந்தப் பக்கத்துக் கோழிகள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

"ஒரு சொட்டு நாக்குல பட்டுச்சு, நானும் பாப்பாவும் திருத்தணிக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிடுவோம்" என்றாள்.

அவருக்கு ஆசை வந்தால் குழாயில் பிராந்தி வரும் என்பது போகப்போகப் புரிந்தது. ஃபாக்டரி சங்கு ஊதினால் வரும். மிளகு தூவிய அவித்த முட்டையைப் பார்த்தால் வரும். வீட்டில் முட்டை நின்றது. சம்பள நாளில் கட்டாயம் வரும். அவளே ஃபாக்டரி வாசலுக்குப் போய் அவரை அழைத்துவந்தாள். பழைய குடிக் கூட்டாளி வேம்புலியின் சைக்கிள் மணிக்குத்தான் வழியில்லை. குழாயை இறுக்கி மூடினால் வாஷரைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. பிடிக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. ஓடுகிற குழாயைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கும் சுலபமாக இல்லை.

தங்கை வளைகாப்புக்கு அவள் ஊருக்குப் போயிருந்த சாயங்காலம் வேம்புலி மணியடித்துக்கொண்டு போனான். கலியமூர்த்தி டம்ளரில் பிடித்தேவிட்டார். அடுத்த வீட்டு நசீம் பானு சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடிவந்தாள்.

"தண்ணியாண்ணே? ஐய, இதுவா!" குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். "ஓடட்டும் வுடு. எங்க மாமியா கதய கேளு. சக்கரய பெட்டில வெச்சிப் பூட்டி, அதும் மேலயே படுத்துகினு, 'சக்கர எங்க போச்சு'ன்னு என்னியே கேக்குது!"

டம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த கலியமூர்த்தி சிரித்துவிட்டார். கை குலுங்கி டம்ளர் கவிழ்ந்தது. குழாய் அன்றைக்கு நிற்கவில்லை. நல்ல தண்ணீராக மாறி ஓடியது.

அதிலிருந்து சத்தம் கேட்டால் தெருவே குடத்தோடு வந்தது. பிராந்தி ஓடித் தீரும்வரை அவரைச் சுற்றி உட்கார்ந்து ஊர்வம்பு பேசியது. பிறகு வரிசையாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. வருஷங்கள் போகப்போக அவர் ஆசை குறைந்தது. 1993 கோடையில் ஏரி வறண்டு, தெரு அவரிடம் கெஞ்சும்படி ஆயிற்று.

"நைனா, கொஞ்சூண்டு ஆசப்படேன், கொடம் காலியா கீது!"

வேம்புலியைக் கூட்டிவந்து மணியடிக்கச் சொன்னார்கள். அவனும் கை வலிக்க அடித்தான். மகள் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்த கலியமூர்த்தி, "நானும் நெனச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குதே" என்றார் உண்மையான வருத்தத்துடன். குழாய் வாய் திறக்கவில்லை. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே லாரித் தண்ணீருக்குப் போனார்கள். லோகநாயகியின் முறை வருவதற்குள் லாரி காலியாகிவிட்டது. வெறுங்குடத்தோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.