பாறாங்கல்லும் என் பிரஷரும்

என் வலது முட்டியில் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அறுக்க வேண்டிய முட்டி இதுதான் என்று டாக்டருக்கு அடையாளம். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் பச்சை அங்கியை மாட்டி, தள்ளுவண்டியில் படுக்கவைத்து, அறுவை அறையின் வாசல் வரைக்கும் ராஜ மரியாதையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள். அப்படியே வண்டியைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருமுறை என்றால் போகட்டும், இரண்டுமுறை! இரண்டாம் முறை என் பிரஷரைப் பார்த்து அந்த மெஷினுக்கே வியர்த்துவிட்டது.

"மூணாவது தடவையா ஒரு தேதி தர்றேன்" என்றார் அறுவை டாக்டர். "அன்னிக்கும் இப்படியே இருந்தா என் கையில இல்ல. அடுத்த வருஷம்தான் உங்க முறை வரும். மனசை அமைதியா வச்சுக்கோங்க."

அமைதியாம். நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நானோ வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன். நான் நடந்த தூரத்தை நீட்டிப் போட்டால் பூமியை மூன்று சுற்றுச் சுற்றி மிச்சத்தில் ஒரு முடிச்சும் போடலாம். என்னைத் துரத்திய நாய்களுக்கே பேரன் பேத்திகள் பிறந்து, அவையும் என்னைத் துரத்தியிருக்கின்றன. அப்படிப்பட்டவன் மழைக்காலம் முடிந்ததிலிருந்து பால்கனியைத் தாண்டவில்லை. காய்கறிக்காரரோடு மூன்றாம் மாடியிலிருந்து கத்திப் பேரம் பேசி, கயிற்றில் கூடையை இறக்குகிறேன். முட்டியை மாற்றினால்தான் படி இறங்க முடியும். பிரஷர் இறங்கினால்தான் முட்டியை மாற்றுவார்கள். அது இறங்க வேண்டும் என்று நினைக்க நினைக்க ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் அந்த வீடியோ கேமைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினாள்.

"அப்பா, இதுல சண்டை கிடையாது. சுடறது கிடையாது. ஜெயிக்கறது தோக்கறது எதுவுமே கிடையாது."

"அப்புறம் என்னதான் பண்ணணும்?"

"சும்மா நடக்கணும்பா. கூட ஒருத்தர் கதை சொல்லிக்கிட்டே வருவார். எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதை விளையாடிட்டுத்தான் தூங்கறாங்க."

"வீட்டுலயா ஆபீஸ்லயா?"

"அம்மா, இவரைப் பாரேன்!" என்று சொல்லிவிட்டு, இரண்டு கொம்பு வைத்த ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

குறை சொல்லக் கூடாது, உலகம் அழகான உலகம். வானத்தில் இரண்டு நிலா. மேகத்துக்குப் பதில் திமிங்கிலங்கள் மிதந்தன. மீன் செதிலால் கூரை வேய்ந்த ஒரு ஊர். அந்த ஊருக்கு நடுவே, தலையில் ஒரு முழு மரம் முளைத்த கல் மனிதன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அரண்மனைத் தூண் அளவுக்குக் கால்கள். என்னைப் பார்த்து, "வா நண்பா. நான் மலைமூத்தோன். உச்சிவரை உன்னுடன் வருகிறேன்" என்றான், செய்தி வாசிப்பவரின் குரலில்.

சரி, போவோம் என்று கொம்பைத் தள்ளினேன். என் கால்கள் நகர்ந்தன. நகர்ந்தன என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். பிசினில் விழுந்த எறும்பு என்னை முந்தியிருக்கும். முட்டி தேய்ந்த நான் குளியலறைக்குப் போகிற வேகம்கூட அதில் இல்லை. எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். ஒன்று குனிய வைத்தது, ஒன்று பூவை முகரச் செய்தது. மகளுக்குப் போன் போட்டேன்.

"ஓடறதுக்கு எந்த பட்டன்?"

"ஓட முடியாதுப்பா. அதுதான் இந்த கேமோட அழகே."

ஊரைச் சுற்றினேன். வீட்டுக்கு வீடு வாசலில் விளக்கு எரிகிறது, அந்தரத்தில் மிதந்துகொண்டு. கம்பம் இல்லை, கம்பி இல்லை. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வீட்டுப் பக்கச் சுவரிலும் தேடினேன், ஒரு மீட்டர் இல்லை. ஊர் முழுக்கத் திருட்டுக் கரண்ட்! கதவைத் தட்டிக் கேட்கலாம் என்றால் ஒரு கதவும் திறக்காத கதவு. நாய்கூட இல்லை. நாயே இல்லாத ஊரில் மனுஷன் எப்படி நிம்மதியாக நடப்பான்?

கல் மனிதனோ ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் கதை வைத்திருந்தான். இந்தக் கல்லின் மீதுதான் காற்றின் மகள் அமர்ந்து அழுதாள் என்பான். அந்தக் கதை முடிவதற்குள் எனக்கு நகம் வளர்ந்துவிடும். நான் நாலு அடி முன்னால் போய்விட்டால் போச்சு. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "நண்பா, எங்கே சென்றாய்? நான் காத்திருக்கிறேன்" என்று கூப்பிடுவான். போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும். போனால், விட்ட இடத்திலிருந்து சொல்வானா? மாட்டான். முதலிலிருந்து!

"யோவ் பாறாங்கல்லு, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

"எதுக்குங்க அந்தப் பெரியவரைப் போட்டுத் திட்டறீங்க?" என்றாள் என் மனைவி. சோபாவின் மறு நுனியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "பாவம், ஆசையா சொல்லிட்டு வர்றார்."

"ஆசையாவா? அறுக்கறான்டி. எப்படித்தான் இதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க?"

"கல்யாணம் ஆனதுல இருந்து பழக்கம்தான்."

வீட்டிலிருந்த பிரஷர் மெஷினின் பட்டையை எடுத்து என் கையில் சுற்றினாள். விளையாடுவதற்கு முன் நூற்று ஐம்பத்தைந்து. விளையாடிய பிறகு நூற்று எழுபத்திரண்டு. ஏலக்காரர் மாதிரி எண்ணைக் கூவினாள்.

ஆனாலும் நான் விடவில்லை. ஒரு கல்லிடம் தோற்றுப்போவதா? தினமும் காலையில் பல் தேய்த்ததும் உட்கார்ந்தேன். திட்டிக்கொண்டே காட்டைக் கடந்தேன். முணுமுணுத்துக்கொண்டே, பேசும் நாணல்களைத் தாண்டினேன். அப்படியே ஒரு பெரிய பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் என் தலையெழுத்து உட்கார்ந்திருந்தது.

பள்ளத்தாக்கின் மேல் பாலம் இல்லை. கல் மனிதன் உட்கார்ந்து ஒரு பாட்டை முனக ஆரம்பிப்பான். அவன் பாடி முடிக்கும்வரை நாம் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. தொடாமல் இருந்தால் எங்கிருந்தோ மின்மினிகள் ஒவ்வொன்றாக வந்து கோத்துக்கொண்டு பாலமாகிவிடும். தொட்டால் அத்தனையும் கலைந்து பறந்துவிடும். இவ்வளவுதான். ஒன்றுமே செய்யாமல் இருக்கவேண்டும். குழந்தைகூடச் செய்யும்.

என்னால் முடியவில்லை ஐயா! பாதிப் பாலம் வந்திருக்கும், என் கட்டைவிரல் தானாகப் போய்க் கொம்பைத் தள்ளிவிடும். புஸ்! மின்மினி எல்லாம் கலைந்துவிடும். அவனாவது கோபப்படுகிறானா? "பரவாயில்லை நண்பா. காலம் நம்முடையது. மீண்டும் தொடங்குவோம்" என்பான். அந்தப் 'பரவாயில்லை' இருக்கிறதே, அது நேராக என் மண்டைக்குள் போய் ஆணி அடித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ரிமோட்டைச் சோபாவில் வைத்துவிட்டு என் இரண்டு கைகள் மீதும் நானே உட்கார்ந்து பார்த்தேன். பாலம் வளர்ந்தது, வளர்ந்தது, அக்கரைக்கு இன்னும் ஒரு முழம்தான். பாட்டு நின்றது. பாய்ந்து ரிமோட்டை எடுத்துத் தள்ளினேன். புஸ்!

"முடிஞ்சிடுச்சே! பாட்டு முடிஞ்சிடுச்சேடி!"

"முடியலைங்க. மூச்சு வாங்கறார்."

"கல்லுக்கு எதுக்குடி மூச்சு?"

"இந்த வயசுல வாங்கத்தானே செய்யும்."

இதெல்லாம் போதாது என்று, நான் தூங்கும் மத்தியான நேரத்தில் அவள் தனியாக ஒரு ஆட்டம் ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் எழுந்து வந்து பார்க்கிறேன், அவள் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள்!

"எப்படிப் போன?"

"ரிமோட்டைக் கீழ வச்சுட்டுத் துணி மடிக்கப் போனேன். வந்து பார்த்தா பாலம் ரெடியா இருந்துச்சு."

"அது அழுகுணி ஆட்டம்."

"ஆமா, எந்திரிச்சுப் போறது அழுகுணி, கை மேல உக்காந்துக்கறது நேர்மை" என்றவள், டிவியைப் பார்த்து, "ஐயோ, என்ன அழகுங்க!" என்று கன்னத்தில் கை வைத்தாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் டிவியை அணைத்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"நீங்களே போய்ப் பாருங்க. சொன்னா சுவாரஸ்யம் போயிடும்."

அன்று நூற்று எண்பத்து நாலு. அவளுடையதை அளந்து பார்த்தோம், நூற்றுப் பதினெட்டு. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

மகள் வந்து கேமைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்றாள். நான் விடவில்லை. அதற்குள் மூன்றாவது தேதி வந்துவிட்டது.

இரண்டு பையன்கள் என்னை நாற்காலியில் வைத்து மூன்று மாடி இறக்கினார்கள். மறுபடியும் பச்சை அங்கி. மறுபடியும் அம்புக்குறி. வாசல்வரை ராஜ மரியாதை. நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"நூத்து எழுபத்தாறு."

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுத்த வருஷம்வரை கூடையும் கயிறும்தான் என்று எனக்குத் தெரிந்துபோனது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"பயப்படாதீங்க சார். அரை மணி நேரம் பார்க்கலாம். இறங்கலைன்னா திருப்பித்தான் அனுப்பணும், அதுல நான் எதுவும் பண்ண முடியாது. கண்ணை மூடிக்கிட்டு மனசுக்கு இதமா எதையாவது நினைச்சுக்கோங்க. ஒரு அழகான மலைப்பாதையில மெதுவா நடந்து போறீங்க..."

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க டாக்டரம்மா!"

"ஏன் சார்?"

"நடந்து நடந்துதான் இந்த கதிக்கு வந்திருக்கேன். எவனோ ஒருத்தன், பாறாங்கல்லு, மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கூட்டிட்டுப் போய்..."

டாக்டரம்மா கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார்.

"ஒரு நிமிஷம். அவன் தலையில மரம் இருக்குமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"'காலம் நம்முடையது'ன்னு சொல்லுவானா?"

"சொல்லுவானாவா? அதைத்தானே சொல்லுவான்!"

"சார்!" என்று பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டூட்டி முடிஞ்சு வந்தா தூக்கம் வரலைன்னு தம்பி வாங்கிக் குடுத்தான். இருந்த தூக்கமும் போச்சு. அந்தப் பாலம் இருக்கே..."

"மூச்சு வாங்கறான் டாக்டரம்மா! கல்லு, மூச்சு வாங்குது!"

"நான் ஒவ்வொரு தடவையும் அங்கதான் சார் விழறேன்!"

அடடா, என்ன சுகம்! என் முட்டியின் கஷ்டத்தை ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேரும் 'ஐயோ பாவம்' என்றார்கள், ஒருத்தருக்காவது புரிந்ததா? இந்தப் பெண்ணுக்கு என் கஷ்டம் அணு அணுவாகப் புரிந்தது. திருட்டுக் கரண்டைச் சொன்னேன். அவர் பேசும் நாணல்களைத் திட்டினார். நான் காற்றின் மகளை இழுத்தேன், அவள் உட்கார்ந்து அழுவதற்கு எத்தனை கல்தான் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து ஏசினோம். நானும் அவரும் போட்ட போட்டில் அந்த மலையே மணலாகியிருக்கும். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்கு வந்திருந்தவர் தலையைத் தூக்கி, "அது யாருங்க, உங்க சம்பந்தியா?" என்று கேட்டார்.

நர்ஸ் நடுவில் வந்து பட்டையை ஊதினாள். சத்தம் போடாமல் மெஷினை ஒரு தட்டுத் தட்டினாள். அந்தக் கையிலிருந்து கழற்றி இந்தக் கையில் சுற்றினாள். வேறு மெஷினைக் கொண்டுவந்து மூன்றாவது முறையும் பார்த்தாள்.

"நூத்து நாப்பது, டாக்டர்."

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "உள்ள தள்ளுங்க, சீக்கிரம்" என்றார். என் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அப்படியே திட்டிக்கிட்டே இருங்க. நிறுத்திடாதீங்க" என்றாள். என் ஆயுளில் அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்பேன் என்று நினைத்ததில்லை.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என்னுடையதா, ஆஸ்பத்திரியுடையதா என்று தெரியாமல் போனது. நெஞ்சுக்கு முன்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அறுவை டாக்டர் வேலையை ஆரம்பித்தார். ரம்பம் ஓடியது, சுத்தியல் விழுந்தது. கட்டில் செய்யும் பட்டறைக்குள் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. தலைமாட்டில் டாக்டரம்மா. நாங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

சிறிது நேரம் பொறுத்த அறுவை டாக்டர், "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருக்கீங்களா? நான் இங்க ஒரு வேலை பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். அறையில் சுத்தியல் சத்தம் மட்டும். என் தலைக்கு மேலே பிரஷர் காட்டிக்கொண்டிருந்த பெட்டி முதலில் ஒருமுறை கூவியது. பிறகு விடாமல் கூவியது.

"நூத்து அறுபத்தெட்டு, சார். ஏறிக்கிட்டே போகுது" என்றார் டாக்டரம்மா. "இவரைப் பேச விடணும்."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. சுத்தியல் நின்றது.

"சரி, சொல்லுங்க. என்ன அது, ஏதோ பாலம்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே?"

"பாலத்துல ஆரம்பிச்சா உங்களுக்குப் புரியாது டாக்டர்" என்றேன். "முதல்ல இருந்து வர்றேன். வானத்துல ரெண்டு நிலா..."

முட்டி மாற்றி, தையல் போட்டு, கட்டுக் கட்டி முடித்தபோது நான் இன்னும் நாணல் காட்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.