சிலையின் முதுகுப்பக்கம்

ஏதென்ஸிலிருந்து அமைச்சர் ஆறு மணிக் கப்பலில் வருகிறார். கல்லியோப்பிக்கு அவரைப் பற்றிக் கவலையே இல்லை. மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டுவார், ஆகா என்பார், போட்டோவுக்கு நிற்பார். குவாரிக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்பதுதான் அவள் கவலை. நாக்சோஸ் தீவில் பளிங்கைப் பற்றி அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

அருங்காட்சியகத்தில் தலையும் கையும் போய், சுவரை ஒட்டி நிற்கிறது இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்து இளைஞன் சிலை. மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டினால் அவன் முழு உடம்போடு, பூசிய வண்ணத்தோடு எதிரே நிற்பான். அவளுடைய இரண்டு வருட உழைப்பு அது.

குவாரி மேஸ்திரி யாக்கோவோஸ் நான்கு மணிக்கே வந்துவிட்டான். பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சு.

"கல்லுக்குச் சாயம் பூசிட்டியாமே. லிப்ஸ்டிக்கும் உண்டாடி?"

"அந்தக் காலத்துலயே பூசினதுதான். மாட்டிக்கிட்டு அப்புறம் பேசு."

மாட்டினான். முகத்தைப் பார்க்காமல் நேரே பின்பக்கம் போனான். காற்றில் கட்டைவிரலால் தடவினான்.

"இதை எவனும் செதுக்கலை," என்றான்.

"என்னது?"

"முதுகு சோப்புக்கட்டியாட்டம் இருக்கு. சுவர்ப்பக்கத்தை எவன் மெனக்கெட்டுத் தேய்ப்பான்? ஒரு உளித்தடம்கூட இல்லையே."

கல்லியோப்பிக்குச் சுருக்கென்றது. சிலையைப் படம்பிடித்தபோது முதுகிலிருந்த உளிக்கோடுகளை அழுக்கு என்றது கணினி. அழித்துவிடு என்றவள் அவளேதான். குவாரிக்காரன் மகளான தனக்கு இந்தப் புத்தி வந்ததே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுத்தம் செய்யாத முதுகின் பழைய படத்தைத் தேடி எடுத்து ஒட்டுவதற்குள் கப்பல் வந்துவிட்டது. வண்ணமும் கல்லும் சேரும் இடத்தில் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்தது. மானம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அமைச்சர் முகத்தைப் பார்த்தார், ஆகா என்றார், போட்டோவுக்கு நின்றார். ஒட்டு அவர் கண்ணில் படவே இல்லை. அவருக்குப் பின்னால் குவாரிக்காரர்கள் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் முதுகுப்பக்கம்தான் போனார்கள்.

கடைசியாக மாட்டிய யாக்கோவோஸ் குந்தி உட்கார்ந்தான்.

"பல்லுளி, பல்லு வச்ச உளியோட தடம். தோள்லேர்ந்து ஒரே மூச்சுல இறங்கியிருக்கான். இடுப்புகிட்ட கை நழுவியிருக்கு பாரு. ராத்திரி குடிச்சுட்டு வந்திருப்பான்."

"உன்னை மாதிரியா?"

"என்னை மாதிரிதான். நம்ம ஊரு ஆளுடி இவன்."

யாக்கோவோஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை. கண் படக் கூடாதென்று அந்த முதுகைப் பார்த்து மெதுவாக மூன்று முறை துப்பினான். அந்தத் தீவில் அதை வீட்டில் பிறந்த பிள்ளைக்குத்தான் செய்வார்கள்.